ஐந்தாவது டை ராடு

"இதுவும் சேரலீங்க," என்று டிராயிங் மாஸ்டர் டப்பாவைக் கவுன்டரில் வைத்தார். இது நான்காவது டப்பா.

"அய்யய்யோ, மறுபடியும் மாறிப்போச்சா?" என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஒன்பது வருடமாக அந்த உதிரிபாகக் கடையின் கவுன்டர் அவளுடைய ராஜ்ஜியம். வருகிறவர்கள் "கடக், கடக்" என்று வாயால் சத்தம் போட்டுக் காட்டி முடிப்பதற்குள், திரும்பிக்கூடப் பார்க்காமல் சரியான சாமானை எடுத்து நீட்டிவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு ஆளிடம் மட்டும் நான்கு தடவை கை தவறுமா? தவறவில்லை, தெரிந்தேதான் கொடுத்தாள்.

முதல் நாள் அவர் தன் பழைய காருக்கு டை ராடு எண்டு வாங்க வந்தார். ஸ்டியரிங்கிலிருந்து வரும் தண்டை முன் சக்கரத்தோடு கோத்துப் பிடிக்கிற முனை அது. தேய்ந்துவிட்டால், திருப்பிய பிறகு சக்கரம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். பெயர் வாயில் வராமல், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டினார். தண்டு, மரை, நட்டு, நட்டின் ஓரத்தில் துளியூண்டு துரு. அந்தத் துருவைப் பார்த்ததும் அவள் தொபுக்கென்று விழுந்துவிட்டாள்.

சரியான சாமானைக் கொடுத்தால் மனுஷர் போனவர் போனவர்தான். ஒன்று மாட்டினால் ஐந்து வருடம் உழைக்கும், அதுவரை யார் காத்திருப்பது? சரியான டப்பாவைக் காலால் கவுன்டருக்கு அடியில் தள்ளிவிட்டு, வேறு ஏதோ வண்டியுடையதைக் கட்டிக் கொடுத்தாள்.

வாராவாரம் அவரும் வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கழற்றுகிறேன் பேர்வழி என்று சுத்தியலைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டு, துணி சுற்றிய விரலோடு வந்து, "பழசையே திரும்ப மாட்டி வெச்சிருக்கேங்க," என்றார். அவளுக்கு மனசே உருகிப்போனது. போன வாரம் கொடுத்தது அரை விரல் குட்டை. இன்றைக்கு அதைத் திருப்பிக் கொடுத்து, "ரொம்ப நீளமா இருக்குங்க," என்கிறார். குட்டைக்கும் நீளத்துக்கும் வித்தியாசம் தெரியாத அப்பிராணி! சிரிப்பை அடக்க அவள் பில் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். அவர் அவளுக்குச் சித்தப்பா. "என்னம்மா, கண்ணு கிண்ணு மங்கிடுச்சா உனக்கு?"

"இல்ல சித்தப்பா, டப்பாவுல நம்பர் தப்பா ஒட்டியிருக்காங்க," என்று கூசாமல் புளுகினாள்.

"அவசரமே இல்லீங்க, மெதுவா தேடி வைங்க," என்றார் டிராயிங் மாஸ்டர். "நாளைக்கு அக்காவையும் பசங்களையும் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன். வந்து வாங்கிக்கிறேன்."

"எந்த வண்டியில?"

"நம்ம வண்டியிலதாங்க."

அவளுக்குப் பகீரென்றது. வாய் திறந்து கூப்பிடுவதற்குள் அவர் படியிறங்கிப் போய்விட்டார். தேய்ந்த முனையோடு மலைப்பாதையா? கொண்டை ஊசி வளைவில் கழன்றுகொண்டால் என்ன ஆகும்? பசங்கள் வேறு. ஆசை கண்ணை மறைத்து என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

சரியான டப்பா, ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் பைக்குள் திணித்தாள். "சித்தப்பா, கடையைப் பாத்துக்கோங்க!" என்று கத்திவிட்டு, பில்லில் இருந்த முகவரிக்கு ஸ்கூட்டரைப் பறக்கவிட்டாள்.

டிராயிங் மாஸ்டர் வீட்டு வாசலில் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கார் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்த பரவசத்தில் குழாய்த் தண்ணீர் காரை விட்டுவிட்டு அவர் சட்டையை நனைத்தது.

"சார், நான் பொய் சொல்லிட்டேன்," என்று மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள். "சரியான டப்பா முதல் நாள்லேர்ந்தே கவுன்டருக்கு அடியிலதான் இருக்கு. நீங்க திரும்பத் திரும்ப வரணும்னுதான் மாத்தி மாத்திக் கொடுத்தேன். என்னை என்ன வேணா திட்டுங்க. ஆனா இதை மாத்தாம வண்டியை எடுக்கக் கூடாது. நானே மாட்டித் தர்றேன்."

அவர் முகம் வெளுத்து, பிறகு காது மடல் வரை சிவந்தது. "வேணாங்க... கையெல்லாம் அழுக்காயிடும்... அப்புறம் பாத்துக்கலாமே..." என்று உளறிக்கொண்டே காருக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார். கோபம்தான் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"தள்ளுங்க சார்!"

ஜாக்கியைப் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கினாள். இரண்டு பக்கமும் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் உலுக்கினாள். கடக் என்று சத்தம் வரவேண்டும், வரவில்லை. ஒரு மயிரிழை ஆட்டம்கூட இல்லை.

குனிந்து உள்ளே பார்த்தாள். புத்தம்புது டை ராடு எண்டு, அதன்மேல் சில வாரத்துத் தூசு. நட்டு கழலாமலிருக்கக் கோத்த கம்பிப் பின்னின் இரண்டு காலும் படம் வரைந்ததுபோல ஒழுங்காக மடங்கியிருந்தன.

மெதுவாக நிமிர்ந்தாள். டிராயிங் மாஸ்டர் கட்டைவிரலை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"முதல் ஞாயித்துக்கிழமையே வேற கடையில வாங்கி மாட்டிட்டேங்க."