வலது பக்க அறை

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றவர் வலது பக்கம் கையைக் காட்டிவிட்டார்.

"லேடீஸ் அங்கம்மா. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்திருந்தா இந்தப் பக்கம் அனுப்புங்க."

இடது பக்க அறையில் ஆண்கள். குடியை நிறுத்தியவர்கள், நிறுத்தப் பார்ப்பவர்கள். வலது பக்கத்தில் அவர்களுடைய மனைவிமார்.

அவள் தேடி வந்தது இடது பக்க அறையை.

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஆள் அவளை ஏற இறங்கப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்கவில்லையோ என்னவோ. இப்போதெல்லாம் பால் பாக்கெட் போடுகிறவன் திரும்பிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றுகிறது.

பேசாமல் வலது பக்கமே போனாள்.

அது கிறிஸ்தவப் பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தின் எல்.கே.ஜி. அறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எட்டுப் பெண்கள் குழந்தைகளின் நாற்காலிகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

கோயில் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று சந்தேகப்பட்டிருந்தாள். யாரும் ஜெபம் பண்ணவில்லை. லேகியம், பொடி என்று எதையாவது தலையில் கட்டுவார்களோ என்றும் நினைத்தாள். யாரும் எதையும் விற்கவில்லை.

அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அந்தப் பச்சைச் சேலைக்காரியை எங்கோ பார்த்திருக்கிறாள். ரேஷன் கடையிலா? மகளின் பள்ளிக்கூடத்திலா?

பள்ளிக்கூடமாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

மகளுக்காகத்தான் வந்திருக்கிறாள். ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை காலையில் ஸ்கூட்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. "நீ ஓட்டாதம்மா, நான் நடந்தே போய்க்கிறேன்" என்றாள். இப்படியே விட்டால் ஒருநாள் மகள் இவளை விட்டே போய்விடுவாள். அந்தப் பயம்தான் இவளை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அன்றிலிருந்து ஒரு சொட்டு தொடவில்லை. இன்றோடு மூன்று நாள்.

நடத்துகிறவர் ஜெசிந்தா. அவள் வயதுதான் இருக்கும். பதினாறு வருடம் குடிகாரனோடு குடும்பம் நடத்தியவள் என்று, வேலைக்கு மனுப் போட்டவர் சர்வீஸ் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டார்.

புதிதாக வந்தவரைப் பேசச் சொன்னார்கள்.

கணவனைப் பற்றிச் சொன்னாள். ஆறு வருடமாகக் குடிக்கிறார். காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுகிறார், சாயங்காலமே மறந்துவிடுகிறார்.

எல்லாம் உண்மை. ஆள் மட்டும் மாறிவிட்டது. அவர் பாவம், காபிகூடக் குடிக்காத மனுஷன். மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு மாதம் வந்து போகிறார்.

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிறகு பேச்சு பாட்டில் ஒளிக்கும் இடங்களுக்குப் போனது. ஒருத்தி வீட்டில் ஃப்ளஷ் டேங்க். இன்னொருத்தி வீட்டில் அரிசி டின்னாம்.

அரிசி டின்னா? தினமும் கை விட்டு அளக்கிற இடத்திலா? இந்த ஆம்பளைகளுக்கு மூளையே கிடையாதா என்று நினைத்தாள். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உங்க வீட்டுல எங்கங்க ஒளிப்பாரு?" பச்சைச் சேலைக்காரி கேட்டாள்.

"நாப்கின் பாக்கெட்டுக்குள்ள. என்னைத் தவிர யாரும் அதைத் தொட மாட்டாங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.



முதுகில் இருந்த கை எடுக்கப்பட்டது. எட்டுப் பேரும் அவளையே பார்த்தார்கள். வீட்டில் அவரவர் கணவனைப் பார்க்கிற பார்வையாக இருக்க வேண்டும்.

"இன்னைக்குக் குடிச்சீங்களா?" ஜெசிந்தா கேட்டார்.

"இல்ல."

ஒருத்தியும் நம்பவில்லை. இந்த 'இல்ல'யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். அவளும் சொல்லிச் சொல்லி வாய் புளித்தவள்தான். இன்றைக்கு ஒருநாள் அது உண்மை. இன்றைக்குப் பார்த்து அது செல்லுபடியாகவில்லை. 

ஜெசிந்தா எழுந்து வந்தார். அவள் முன்னால் குனிந்து, முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தார்.

"ஊதுங்க."

எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஊதினாள்.

ஜெசிந்தா கண்ணை மூடிக்கொண்டார். அவசரப்படவில்லை. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். ஏலக்காய், பாக்கு, பற்பசை எல்லாவற்றையும் தாண்டித் தேடிப் பழகிய மூக்கு அது.

பிறகு நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார்.

"குடிக்கல."

யாரோ மூச்சு விட்டார்கள். பச்சைச் சேலைக்காரி எழுந்து, நடையைத் தாண்டி எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

"ஏங்க, உங்க பக்கத்துல ஒரு சேர் போடுங்க. ஆள் வந்திருக்கு."

அவளை அழைத்துப் போகும்போது ஜெசிந்தா மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். நாற்காலியில் உட்காரும்வரை விடவில்லை.

குடிக்கிறவர்கள் எந்த இடத்தில் ஓடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.