கிடைத்தது கார்

"பெத்த பிள்ளையைப் போய்த் திருடன்னு..."

"திருடன்னு நான் எங்கே சொன்னேன்? காரைக் காணோம்னுதானே சொன்னேன்!"

"எடுத்துட்டுப் போனது நம்ம பையன்னு தெரிஞ்சே சொன்னீங்களே!"

"வளர்ந்த ஆம்பளை கோவிச்சுக்கிட்டுப் போனா எந்தப் போலீஸ் தேடும்? கார்னா தேடுவாங்க. தேடினாங்களா இல்லையா?"

காவல் நிலையத்தின் பின்புறம், மீட்டு வந்த வண்டிகளுக்கு நடுவே அவர்களுடைய வெள்ளைக் கார் வெயிலில் நிற்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாற்றுச் சாவியால் மனைவி கதவைத் திறக்கிறாள். அடைபட்டிருந்த சூடு முகத்தில் அடிக்கிறது. ஓட்டுகிற இருக்கை மகனின் நீளக் கால்களுக்கு ஏற்றபடி பின்னால் தள்ளியே இருக்கிறது. தலை சாய்க்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அதன்மேல் உள்ளங்கையை வைத்தவள் எடுக்கவே இல்லை. "சாப்பிட்டிருப்பானாங்க?" என்கிறாள், சண்டையெல்லாம் எங்கேயோ போய்விட்ட குரலில். கணவர் சாவியை வாங்கித் திருகி, குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்க்கிறார். "காருக்கே வயிறு நிறையப் போட்டிருக்கான். தன் வயித்தையா காயப்போடுவான்?" சிரிக்கப் பார்க்கிறார்.

காதில் பேனாவைச் செருகியபடி காவலர் வருகிறார். "ரயில் நிலையத்துக்கு வெளியே பூட்டி நின்னுச்சும்மா. ஓட்டிட்டு வந்தவர் எந்தப் பக்கம் போனார்னு தெரியல. உங்க கார்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா கேஸை முடிச்சிடலாம்."

ஆமாம் என்று சொல்லக் கணவர் வாயெடுக்கிறார். மனைவி அவர் மணிக்கட்டை இறுகப் பிடிக்கிறாள்.

"இது எங்க கார் இல்லைன்னு சொன்னா, இன்னும் தேடுவீங்களா தம்பி?"