பத்தொம்பது மணி நேரம்

"நாலு மணிக்கு எடுத்துடலாம்"னு மூத்தவன் சொன்னதும் கூடமே கொதிச்சுப் போச்சு.

ஐஸ் பெட்டிக்குள்ள அப்பா. பெட்டி மேல கைய வெச்சுக்கிட்டு அத்தை. அப்பாவோட ஒரே தங்கச்சி.

"சின்னவன் ஆகாசத்துல வந்துக்கிட்டிருக்கான். அதுக்குள்ள என்னடா அவசரம்?"

"லேட் பண்ண வேணாம் அத்தை."

மாப்பிள்ளை போனும் கையுமா எழுந்தாரு. "மச்சான், கணக்குப் போட்டுட்டேன். மொத்தம் பதிமூவாயிரத்து இருநூறு கிலோமீட்டர். காலைல நம்ம நேரம் ஆறு மணிக்கு 'ஏறிட்டேன்'னு குரூப்ல போட்டிருக்கான். பதினோரு மணி நேரம் பறந்தா சாயங்காலம் அஞ்சுக்கு நடு ஏர்போர்ட். அங்க மூணு மணி நேரம் உக்காரணும். அடுத்த பிளேன் அஞ்சு மணி நேரம். ஆக பத்தொம்பது. ராத்திரி ஒண்ணுக்கு இங்க இறங்கிடுவான்."

"இவரே ஓட்டிக்கிட்டு வர்ற மாதிரி சொல்றாரு பாரு"ன்னு மூலையில யாரோ முணுமுணுத்தாங்க.

"விடிஞ்சு எடுத்தா என்ன குடி முழுகிடும்?" அத்தை விடல. "டிப்போவுல நீ டைம் கீப்பர். ஒரு நிமிஷம் தாண்டுனா விசில் ஊதி வண்டிய அனுப்புற ஆளு. என் அண்ணன் என்ன உன் பஸ்ஸாடா?"

ரெண்டு பேரு சிரிச்சுட்டு, சட்டுனு மூஞ்சிய மாத்திக்கிட்டாங்க.

மூத்தவனோட தங்கச்சி வந்து அவன் கையப் பிடிச்சா. "அண்ணே, அவன் அப்பாவோட செல்லம். ஒரே ஒரு தடவ மூஞ்சியப் பாத்துக்கட்டும்ண்ணே."

"நாலு மணிம்மா."

அவ கைய உதறிட்டா.

"நீ மனுஷனே இல்லடா"ன்னா அத்தை. "இன்னியோட சரி. என் வாசப்படிய மிதிச்சுடாத."

நாலுக்கு எடுத்தாங்க. அஞ்சுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. மூத்தவன் பக்கத்துல ஒருத்தரும் நிக்கல. திரும்புறப்போ அவன் வண்டியில ஏறவும் ஆள் இல்ல.

கை கால் கழுவிட்டு, மதில் ஓரமாப் போய் போன் அடிச்சான். ரெண்டாவது ரிங்குல எடுத்தாச்சு. பின்னாடி டிவி ஓடுற சத்தம்.

"அண்ணே..."

"காலைலேர்ந்து மூணு தடவ அடிச்சேன். ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. பிளேன்ல போன அணைச்சு வெச்சவனுக்கு எப்படிடா ரிங் போகும்?"

அந்தப் பக்கம் டிவி நின்னுது.

"அண்ணே, நான் ஏன் கிளம்பலன்னா..."

"வேணாம். அதக் கேக்குற தெம்பு இன்னிக்கு எனக்கு இல்ல. சொல்றத மட்டும் கேளு. மணி அஞ்சேகால். நீ இப்ப நடு ஏர்போர்ட்டுல இறங்கியிருக்க. குரூப்பத் திறந்து பாத்த. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு தெரிஞ்சுது. அங்கேர்ந்தே திரும்பிட்ட. புரியுதா? அத்தைக்குப் போன் போட்டு அழு. என்னையத் திட்டு. நல்லாத் திட்டு."

"உன்ன எதுக்குண்ணே திட்டணும்?"

"மூத்தவன் காத்திருக்கலன்னா எல்லாரும் என்னையப் பேசுவாங்க. சின்னவன் வரலன்னா, அப்பாவத்தான்டா பேசுவாங்க!"