ஒன்பது பாட்டில் தேனீ

யாருடைய தேனீயில் நோய் இருக்கிறதோ, அவர் தன்னிடமுள்ள எல்லாப் பெட்டிகளையும் எரித்துவிட வேண்டும். ஆடலூர் தேனீ வளர்ப்போர் சங்கத்தில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் தலைவர் வேலுச்சாமி.

"யாரா இருந்தாலும் சரி" என்று அவர் அழுத்திச் சொன்னபோது, எல்லாரும் இருளாயியைத்தான் பார்த்தார்கள்.

பார்க்காமல் என்ன செய்வார்கள்? ஊர் முழுக்கப் பெட்டிகளில் தேனீப் புழுக்கள் பைபோல ஊதிச் செத்துக்கொண்டிருந்தன. காப்பி பூக்கிற நேரம் வேறு. தேனீ இல்லாவிட்டால் காய்ப்பு பாதிகூடத் தேறாது. இருளாயியோ போன வருஷம் காட்டு மரப்பொந்திலிருந்து ஒரு கூட்டத்தைப் பிடித்துவந்து, தன் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டியில் குடிவைத்திருந்தாள். நோய் வேறு எங்கிருந்து வந்திருக்கும்?

நாம் சொன்னால் சண்டை வரும், விஞ்ஞானம் சொன்னால் யாரும் வாய் திறக்க முடியாது என்றார் வேலுச்சாமி. உறுப்பினர்கள் ஒன்பது பேரும் கைக்காசு போட்டார்கள். ஆளுக்கொரு சின்ன பாட்டிலில் தங்கள் தேனீக்களைப் போட்டுத் தரவேண்டும், மரபணுச் சோதனைக்கு அனுப்பலாம் என்று முடிவாயிற்று.

வீட்டுக்கு வந்து வேலுச்சாமி தன் பெட்டியைத் திறந்து பார்த்தார். அடை முழுக்கச் செத்த புழு. அடுத்த பெட்டியிலும் அதே கதைதான். அவர் போட்ட சட்டப்படி அவர் தோட்டத்தில் வரிசையாக இருக்கிற அத்தனை பெட்டிகளையும் அவரே கொளுத்த வேண்டும்.

சந்தை நாளன்று இருளாயி மலைவாழைத்தாரோடு பஸ் நிறுத்தத்துக்குப் போவதைப் பார்த்ததும், தலைவர் அவள் தோட்டத்துப் பக்கம் சும்மா நடந்து போனார். காட்டுக் கூட்டத்தின் வாசலில் தைப்பூசத்துப் பழனி அடிவாரம் மாதிரி நெரிசல். சீக்குப் பிடித்த தேனீ இப்படிப் பறக்காது என்பது அவருக்குத் தெரியும். பாட்டிலை நிரப்பிக்கொண்டு, சும்மாவே திரும்பினார்.

எதிரே செயலாளர் குருநாதன் வந்தார். அவரும் சும்மாதான் நடந்துகொண்டிருந்தார். இருவரும் மழை வருமா வராதா என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் பிரிந்தார்கள்.

ஆய்வகத்திலிருந்து முதலில் போனில் நோய் முடிவு மட்டும் வந்தது. எட்டு பாட்டிலில் நோய் இல்லை. இருளாயி கொடுத்த பாட்டிலில் இருக்கிறது.

வேலுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பெட்டியில் எடுத்தாய் என்று அவளிடமே கேட்டார்.

"பழைய பெட்டியிலதாங்க புழு சாகுது, அதுல இருந்துதான் எடுத்தேன். நோயக் கண்டுபிடிக்கத்தானங்க காசு போட்டோம்?" என்றாள் இருளாயி.

மற்ற பெட்டி நல்ல பெட்டி, அதையாவது விட்டுவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தார். உமக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால்? வேறு யாராவது சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தார். அன்றைக்கென்று எல்லாருக்கும் வேறு சோலி இருந்தது.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், இருளாயி" என்றார். சொல்லும்போதே அவருக்கு வெட்கமாக இருந்தது.

அவள் சண்டை போடவில்லை. ஒரு நாள் மட்டும் பொறுக்கச் சொன்னாள். மறுநாள் பொழுது சாய, இரண்டு பெட்டிகளும் எரிந்தன. கொளுத்துமுன் மூடியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் மனசு வரவில்லை. அன்று வேலுச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் முழு அறிக்கையோடு ஆய்வகத்து லாவண்யா மேடமே சங்கத்துக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டு பாட்டில்லயும் இருந்தது ஒரே ராணியோட பிள்ளைங்க. இந்த நோய் இதை ஒண்ணும் செய்யாது. இதுல இருந்து புது ராணிகளை வளர்த்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா, மலை முழுக்கப் பொழைச்சுக்கலாம். அந்தப் பெட்டி யாரோடது? பத்திரமா இருக்கா?"

உறுப்பினர்கள் தரையைப் பார்த்தார்கள். குருநாதன் மட்டும் கூரையைப் பார்த்தார்.

வேலுச்சாமி எழுந்தார். "இருளாயியோடதுங்க. அவ இல்லாதப்ப நான்தான் போயி அள்ளிட்டு வந்தேன். அதை எரிக்கச் சொன்னதும் நான்தான்" என்றார். நானும்தான், நானும்தான் என்று ஒவ்வொருவராக முனகினார்கள்.

பின்வரிசையிலிருந்து இருளாயி சொன்னாள்: "வெறும் பெட்டிதாங்க எரிஞ்சுச்சு. காட்டுக் கூட்டத்த முந்துன நாளே எங்க அக்கா தோட்டத்துக்கு மாத்திட்டேன். நாளைக்கு வெள்ளனே எல்லாரும் வாங்க, மேடம் சொன்னபடி ஆளுக்கொரு ராணிக்கு வழி பண்ணுவோம்."

வேலுச்சாமிக்குப் போன உயிர் திரும்பியது. ஊரே பழி சொன்ன கூட்டத்தை எந்தத் தைரியத்தில் காப்பாற்றினாய் என்று கேட்டார்.

"நீங்க எல்லாரும் சொன்னதுல எனக்கே அது மேல சந்தேகமாத்தான் கெடந்துச்சு. சந்தைக்குக் கெளம்புன அன்னைக்கு பஸ்சு வரலைன்னு திரும்பி வந்தவ, மிளகுக் கொடிக்குப் பின்னால நின்னு பாத்தேன்" என்றாள் இருளாயி. "சட்டம் போட்ட எட்டுப் பேரும் ஒருத்தர் மாத்தி ஒருத்தரா வந்து திருடிட்டுப் போற பெட்டிய, எவளாச்சும் எரிப்பாளா தலைவரே?"