கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை

வீட்டு வாடகை ஏறிவிட்டதால் மலர் சம்பள உயர்வு கேட்க முடிவெடுத்தாள். எவ்வளவு கேட்பது? மலேசியாவின் கிள்ளான் நகர லோரி கம்பெனியில் பக்கத்து மேசைக்காரன் லோகன் விளக்கினான்.

"முந்நூறு வெள்ளி வேணும்னா அறுநூறு கேளு. பாஸ் எப்பவும் பாதியா வெட்டுவாரு."

"ஏன் தரணும்னு கேட்டா, அண்ணே?"

"என் கஸ்டம்ஸ் வேலைகூட உனக்கு அத்துப்படின்னு சொல்லு. காரணம் வலுவா இருக்கணும்லா!"

மலர் அப்படியே சொன்னாள். முதலாளி சற்று யோசித்தார்.

"அறுநூறே தரேன். அடுத்த மாசத்துலேருந்து லோகன் வேலையையும் நீயே பாரும்மா. அவனை நிறுத்திடறேன்."



வெளியே லோகன் ஆவலாகக் காத்திருந்தான்.

"எவ்ளோ வெட்டுனாரு?"

"முழுசா குடுத்துட்டாரு, அண்ணே."

"பாத்தியா! என் வேலை தெரியும்னு சொன்னதுதான் கைகொடுத்திருக்கு!"