தங்கப்பிடி பிரஷ்கள்

முகத்தைப் படைத்து, எந்தச் சாயமும் எட்டாத ஆழத்தில் அகத்தையும் படைத்து வைத்த பரம்பொருளின் திருவருள் முன்னிற்க!

"இதையே வாங்கிடுங்க அண்ணி. பிடி முழுக்கத் தங்க நிறம், மேல பெரிய கம்பெனி பேரு. டூப்ளிகேட்னு யாரு கண்டா?"

கடைத்தெருவில் நின்று நாத்தனார் கெஞ்சாத குறையாகக் கேட்டாள். மணப்பெண்களுக்கு ஒப்பனை செய்வது அண்ணியின் தொழில். கூடப் போய் எடுத்துக் கொடுப்பதும் தலை பின்னுவதும் நாத்தனாரின் பங்கு. பழைய பிரஷ்களில் முடி கொட்டத் தொடங்கியிருந்தது. புதியது வாங்க வந்திருந்தார்கள்.

அண்ணி தங்கப்பிடியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். பெயரே அச்சிடாத, மரப்பிடி போட்ட மலிவு பிரஷ்களைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்துக் கூடையில் போட்டாள்.

"பேரே பொய்யா இருந்தா, உள்ள இருக்கறதை எப்படி நம்பறது? இது விலை கம்மிதான். ஆனா தான் யாருன்னு மறைக்கல."

"நீங்க பிரசங்கம் பண்ணிக்கிட்டே இருங்க. வர்றவங்க உங்க பெட்டியத்தான் பாப்பாங்க" என்று நொடித்துக்கொண்டாள் நாத்தனார்.

அவள் வாய் முகூர்த்தம், அடுத்த கல்யாணத்திலேயே பலித்தது.

மணப்பெண் ஒரு லாரி டிரைவரின் மகள். அலங்கார அறையில் பெட்டியைத் திறந்து வைத்ததுமே, மாப்பிள்ளையின் அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, சுவருக்கு வெள்ளையடிக்க வந்த மாதிரி இருக்கு? அடுத்த மாசம் என் பொண்ணு கல்யாணத்துக்கு உன்னையே வச்சுக்கலாம்னுதான் வேலையைப் பாக்க வந்தேன்."

நாத்தனார் அவசரமாகப் பெட்டியின் மூடியைப் பாதி சாய்த்தாள். பெரிய இடம். அந்த ஒரு வேலை கைக்கு வந்தால்தான், வீட்டு வாசலோரத்துக் கடையறையைப் பிடித்துச் சொந்தமாகப் பார்லர் வைக்க முடியும். இரண்டு பேரும் அதையேதான் கனவு கண்டுகொண்டிருந்தார்கள்.

அப்போது கதவோரம் ஒரு கனைப்பு. மணப்பெண்ணின் அப்பா, செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் ஒரு வெல்வெட் பெட்டியோடு நின்றார்.

"இதுலயே போட்டுவிடுங்கம்மா. துறைமுகத்துக்கு லோடு கொண்டு போனப்ப வாங்கினேன். ஒரிஜினல். கடைக்காரர் சத்தியமே பண்ணிட்டார். இன்னிக்கு என் பொண்ணுக்கு எதுலயும் குறை இருக்கக் கூடாது."

பெட்டியைத் திறந்தார். உள்ளே வரிசையாகத் தங்கப்பிடிகள் மினுங்கின.

"அட, சம்பந்தி கில்லாடிதான்! இதுலயே ஆரம்பிம்மா. நீயும் கொஞ்சம் நல்ல சாமானைத் தொட்ட மாதிரி இருக்கும்" என்றாள் அத்தை.

அண்ணி பெரிய பிரஷை எடுத்தாள். ஈரமாக்கிய வெள்ளை டிஷ்யூவில் அழுத்தித் துடைத்தாள். புது பிரஷ் எதுவானாலும் முதலில் அப்படிச் செய்வது அவள் வழக்கம். டிஷ்யூவைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பெண்ணின் கூந்தலை ஒதுக்கிக் காதோரம் குனிந்தாள். சற்று நேரம் அப்படியே நின்றாள். நிமிர்ந்தபோது அண்ணியின் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. இந்த மாதிரி பிரஷ் எனக்குப் பழக்கமில்ல. என் கை மரப்பிடியிலதான் ஓடும். இன்னிக்குன்னு பாத்துப் பிசகிடக் கூடாது. அப்பா ஆசையா வாங்கினது, அப்படியே பத்திரமா இருக்கட்டும்."

அத்தை கடகடவென்று சிரித்தாள். "நல்ல சாமானைப் பிடிக்கத் தெரியாத கைக்கு என் பொண்ணு முகத்தைக் குடுக்கறதாவது! நான் வேற ஆளைப் பாத்துக்கறேன், தாயே."

பெண்ணின் அப்பாவோ ஒரு கணம் வாடிப் பின் மலர்ந்தார். பழகிய கையே தொட அஞ்சும் பொருளையல்லவா வாங்கியிருக்கிறார்! "பொத்தி வச்சுக்கோ கண்ணு" என்று பெட்டியை மகளின் மடியில் வைத்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

மரப்பிடி பிரஷில் பெண்ணின் முகம் விளக்கேற்றியது போல் துலங்கியது. ஆனாலும் திரும்பி வரும் பஸ்ஸில் நாத்தனார் பொரிந்து தள்ளினாள்.

"வீடு தேடி வந்த வேலையைக் கை நழுவ விட்டுட்டீங்களே அண்ணி! பிரஷ் பிடிக்கத் தெரியாதுன்னு நாலு பேர் முன்னாடி நீங்களே சொல்லிக்கலாமா? அப்படி என்ன பயம்?"

அண்ணி கைப்பைக்குள்ளிருந்து கசங்கிய டிஷ்யூவை எடுத்து விரித்தாள். தாள் முழுக்க, அந்தப் புது பிரஷின் முடியிலிருந்து செம்மண் நிறத்தில் சாயம் இறங்கியிருந்தது.

நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. கடைத்தெருவில் அவள் கெஞ்சிக் கேட்ட அதே தங்கப்பிடி!

"டூப்ளிகேட்டா! அங்கயே போட்டு உடைச்சிருக்கலாமே? அந்த அத்தை வாயையாவது அடைச்சிருக்கலாம்!"

"அடைச்சிருக்கலாம். கதவோரம் நின்ன மனுஷன் அப்புறம் சம்பந்தி வீட்டுல தலை நிமிர்வாரா?"

நாத்தனாரின் குரல் தணிந்தது. "சரி... அந்தப் பொண்ணுகிட்டயாவது சொல்லியிருக்கணும். நாளைக்கு அதையே எடுத்துப் பூசிக்கிட்டா?"

அண்ணி டிஷ்யூவை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவதான் எனக்குச் சொன்னா. காதோரம் குனிஞ்சப்ப பாத்தேன், காதுக்குப் பின்னாடி தோல் தடிச்சுப் போயிருந்தது. 'நேத்தே அப்பா இல்லாதப்ப அந்த பிரஷை எடுத்துப் போட்டுப் பாத்தேன் அக்கா. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். உங்களால முடியலன்னு பழியை நீங்களே ஏத்துக்குவீங்களா?'ன்னு கேட்டா."

இதைக் கேட்டவர் இல்லந்தோறும், பெற்றவர் பெருமையைப் பொத்திக் காக்கும் பிள்ளைகள் பெருகட்டும். பிறர் மானத்துக்காகத் தாழ்ந்த தலைகளை ஆண்டவன் தன் கையால் நிமிர்த்தட்டும்.