பெற்றவள் கண்

மூன்றாவது தடவையாக ஆயா குழந்தையின் டயப்பரைக் கழற்றினாள்.

அலுவலக மேஜைக்கு அடியில் மொபைலை மறைத்து வைத்துக்கொண்டு, காப்பகத்துக் கேமராவில் அம்மா அதைப் பார்த்தாள். ஐந்து மாதக் குழந்தை முகம் சிவக்க அழுகிறான். தூக்கிச் சமாதானம் செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து அவனையே உற்றுப் பார்க்கிறாள் ஆயா. முழுசாகக் கால் மணி நேரம்!

சாயங்காலம் காப்பக வாசலிலேயே ஆயாவைப் பிடித்துக்கொண்டாள்.

“டயப்பரைக் கழட்டிப் போட்டுட்டு என்ன வேடிக்கை பாக்கறீங்க? பச்சைப் புள்ளைக்குச் சளி பிடிச்சா யார் பதில் சொல்றது?”

“இல்லம்மா... ஆம்பளப் புள்ளை ஒண்ணுக்குப் போனா எகிறி வந்து விழணும். இவனுக்குச் சொட்டுச் சொட்டாத்தான் வருது. முக்கி முக்கி அழறான். டயப்பர் போட்டா அது தெரியாது. ஒரு தடவை டாக்டர்கிட்ட...”

“போதும். வாயில நல்ல வார்த்தையே வராதா? என் புள்ளையைப் பாத்துக்க எனக்குத் தெரியும்.”

அன்றைக்கே காப்பகத்தை நடத்துகிறவருக்குப் போன் பறந்தது. பெற்றவர்கள் புகார் சொன்னால் அங்கே விசாரணை என்ற பேச்சே கிடையாது. மறுநாள் ஆயாவுக்கு வேலை போனது.

நான்காம் நாள் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அடிவயிறு உப்பிக் கெட்டியாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“ஒண்ணுக்கு எப்படிப் போறான்?” என்றார் டாக்டர்.

அப்பா திருதிருவென்று விழித்தார். அம்மா ஒரு நொடிதான் தயங்கினாள்.

“சொட்டுச் சொட்டாத்தான் வருது டாக்டர். முக்கி முக்கி அழறான்.”

உடனே ஸ்கேன் எடுத்தார்கள். பிறவியிலேயே சிறுநீர் வரும் பாதையில் ஒரு சவ்வு அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு சிறுநீரகமும் வீங்கிக் கிடந்தன. குழாய் வைத்து வடித்து, காய்ச்சல் இறங்கியதும் சவ்வை வெட்டிவிட்டார்கள். குழந்தை பிழைத்தான்.

“டயப்பர் வந்தப்புறம் இதை யாரும் கவனிக்கிறதே இல்லை. நீங்க கவனிச்சிருக்கீங்க. கெட்டிக்கார அம்மா!” என்றார் டாக்டர்.

அம்மா அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. சொந்தக்காரர்கள் ஒருத்தர் விடாமல் போன் போட்டு, “பெத்தவ கண்ணுன்னா சும்மாவா!” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய அன்று காப்பகத்திலிருந்து போன் வந்தது. அப்பா பேசிவிட்டு, போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

“அந்த ஆயாவுக்கு இன்னும் வேற வேலை கிடைக்கலியாம். தினமும் வந்து நம்ம குழந்தை எப்படி இருக்கான்னு கேட்டுட்டுப் போகுதாம். நீ சரின்னா திரும்ப எடுத்துக்கறாங்களாம். பாவம், எடுத்துக்கட்டுமே?”

அம்மா குழந்தையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டாள்.

“வேண்டவே வேண்டாம்னு சொல்லுங்க. பச்சைப் புள்ளை இத்தனை நாளாச் சொட்டுச் சொட்டாப் போயிருக்கான். அதைக்கூடக் கவனிக்காத ஆளுங்க அது!”